ஏரிக்கு மருந்து: பெங்களூரில் பச்சை நிறம் மறைந்த பிறகு நடப்பது

பங்குனி வெயில் ஏறியதும் பெங்களூர் ஏரிகள் பச்சையாகின்றன. முதலில் கரையோரம் ஒரு மெல்லிய படலம் வரும். சில நாட்களில் முழு ஏரியும் பெயின்ட் கொட்டியது மாதிரி ஆகிவிடும், நாற்றமும் சேர்ந்துகொள்ளும். அல்சூர் ஏரிப் பக்கம் திருவள்ளுவர் சிலையைத் தாண்டிக் காலை நடை போகிறவர்களும் சரி, வர்த்தூர், பெல்லந்தூர் அடுக்ககங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கும் நம் ஆட்களும் சரி, கேட்பது ஒன்றைத்தான்: "ஏதாவது மருந்து போடச் சொல்லுங்க." நியாயமான கோரிக்கைதான். மூக்கைப் பொத்திக்கொண்டு யாரும் நடை போக முடியாது.

மருந்து என்று சொல்லிக்கொண்டு வருபவை பல. மயில்துத்தம், படிகாரம், லாந்தனம் என்ற உலோகம் ஏற்றிய களிமண், சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர், களைக்கொல்லி, நுண்ணுயிர்ப் பொடி. இவற்றில் பல உலகின் ஏதோ ஒரு ஏரியில் உண்மையிலேயே நல்ல பலன் தந்தவை. அதனால் ரசாயனம் என்றாலே விஷம் என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பெங்களூர் ஏரி எப்படிப்பட்டது என்று பார்க்காமல் அதில் போடுவதுதான் ஆபத்து.

பெங்களூரில் இயற்கையாக உண்டான பெரிய ஏரி கிடையாது. நாம் ஏரி என்று சொல்பவை எல்லாம், பெரும்பாலும் பாசனத்துக்காக, கரை கட்டித் தேக்கிய ஆழமில்லாத நீர்நிலைகள். ஒன்று நிரம்பி அடுத்ததற்கு வழியும்படி சங்கிலியாக அமைத்திருக்கிறார்கள். அல்சூரில் வழிவது கோரமங்கலா-சல்லகட்டா பள்ளத்தாக்கு வழியாக பெல்லந்தூர் போகும், அங்கிருந்து வர்த்தூர். அந்தக் காலத்தில் இந்தச் சங்கிலியில் ஓடியது மழைநீர். இன்று ஓடுவதில் பெரும்பகுதி காவிரி. காவிரிக் குடிநீரின் ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்குவதற்கு முன்பே நாளொன்றுக்கு சுமார் 1,450 எம்.எல்.டி. காவிரி நீர் இந்த நகரத்துக்கு வந்துகொண்டிருந்தது. அந்தக் கட்டம் கூடுதலாக 775 எம்.எல்.டி. கொண்டுவரும் திட்டம். ஒரு எம்.எல்.டி. என்றால் நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டர். இதோடு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் சேர்ந்து, குளியலறை, சமையலறை, கழிப்பறை வழியாகப் பெரும்பாலும் கழிவுநீராகத்தான் வெளியே வருகிறது. அதில் ஒரு பகுதி சுத்திகரிக்கப்பட்டும், மீதி அப்படியே ராஜகாலுவே எனும் பெரிய மழைநீர்க் கால்வாய்கள் வழியாகவும் ஏரிக்கு வந்து சேர்கிறது. கோடையில் மற்ற ஊர்க் குளங்கள் வற்றும்போது இங்கே பல ஏரிகள் வற்றாமல் நிற்பதற்கு இதுதான் காரணம்.

கழிவுநீரோடு வரும் பாஸ்பரஸ்தான் பாசிக்குச் சாப்பாடு. அது மனிதக் கழிவிலும் இருக்கிறது, துணி துவைக்கும் பவுடரிலும் இருக்கிறது. கழிவுநீரில் உள்ள கரிமப் பொருளை பாக்டீரியா தின்று கார்பன்-டை-ஆக்சைடாக வெளியே அனுப்பிவிடும். நைட்ரஜனையும் சரியான சூழலில் வாயுவாக்கி அனுப்ப முடியும். பாஸ்பரஸ் அப்படி வாயுவாகிப் பறந்துபோகாது. ஏரிக்குள் வந்துவிட்டால், ஒன்று தண்ணீரோடு வழிந்து போக வேண்டும், இல்லை மீனாகவோ செடியாகவோ சேறாகவோ நாம் வெளியே எடுக்க வேண்டும். வேறு வழியே இல்லை. 'எங்கள் நுண்ணுயிர்ப் பொடி ஏரியைச் சுத்தமாக்கிவிடும்' என்று யாராவது சொன்னால் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பொடி நாற்றத்தைக் குறைக்கலாம். பாஸ்பரஸ் ஒரு கிராம்கூடக் காணாமல் போகாது.

பெரும்பாலான பாஸ்பரஸ் கடைசியில் அடிச்சேற்றில் தங்கும். சேற்றுக்கு மேலே ஆக்சிஜன் இருக்கும் வரை இரும்போடு ஒட்டிக்கொண்டு அங்கேயே கிடக்கும். ஆக்சிஜன் தீர்ந்ததும் இரும்பு கைவிட்டுவிடும், பாஸ்பரஸ் மறுபடி மேலே வரும். ஃபெரிக் குளோரைடு போன்ற இரும்பு உப்புகளைக் கொட்டிப் பாஸ்பரஸைப் பிடித்துவைக்கும் யோசனை நம் ஏரிகளில் எடுபடாததும் இதனால்தான். காலால் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் கறுப்புச் சேற்றில் ஆக்சிஜனை எங்கே தேடுவது?

மயில்துத்தமும் இரவு ஆக்சிஜனும்

பாசியைக் கொல்வதற்கு மிகப் பழைய மருந்து மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட். நீர்த்தேக்கங்களில் பாசியை அழிக்க இதைப் பயன்படுத்தலாம் என்று 1904-லேயே அமெரிக்க வேளாண் துறை எழுதிவிட்டது. விலை குறைவு, எல்லா ஊரிலும் கிடைக்கும், பலன் ஓரிரு நாளில் கண்ணுக்குத் தெரியும். ஆபத்தும் அந்த வேகத்தில்தான் இருக்கிறது.

பாசி நிறைந்த ஏரியில் ஆக்சிஜன் நாள் முழுக்க ஒரே அளவில் இருக்காது. மதியம் வெயிலில் பாசி ஆக்சிஜனை வெளியிடுவதால் தண்ணீரில் அது வழிகிற அளவுக்கு இருக்கும். இரவில் அதே பாசி சுவாசிக்கும், சேறும் இழுத்துக்கொள்ளும். விடிவதற்குச் சற்று முன்னால் கிட்டத்தட்ட எதுவுமே மிஞ்சாது. மீன்கள் பெரும்பாலும் அதிகாலையில் செத்து மிதப்பது இதனால்தான். இந்த நிலையில் இருக்கும் ஏரியில் மயில்துத்தம் போட்டால் பாசி மொத்தமும் ஒரே நேரத்தில் சாகும். பகலில் ஆக்சிஜன் தந்தது நின்றுபோகும், செத்த பாசி அழுக ஆரம்பித்து இருக்கும் கொஞ்சத்தையும் தின்னும். 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து ஒதுங்கியதை இந்த ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது ரசாயனத்தால் நடந்தது அல்ல. கழிவுநீர் நிறைந்த ஏரியில் ஆக்சிஜன் விழுந்ததால் நடந்தது. மருந்து ஏதும் போடாமலேயே அந்த விளிம்பில் நிற்கும் ஏரியை நாமே கைகொடுத்துத் தள்ளலாமா?

இரண்டாவது ஆபத்து பாசிக்குள்ளேயே இருக்கிறது. பெங்களூர் ஏரிகளில் கோடையில் பெருகுவதில் மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நீலப்பச்சைப் பாசிகள் முக்கியமானவை. இவற்றில் சில வகைகள் ஈரலைத் தாக்கும் நஞ்சை உடலுக்குள் வைத்திருக்கும். பாசி உயிரோடு இருக்கும் வரை அந்த நஞ்சின் பெரும்பகுதி உள்ளேயே இருக்கும். மயில்துத்தம் செல்லை உடைத்ததும் எல்லாம் தண்ணீரில் கரைந்துவிடும். 1979-இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் நடந்தது இதற்குச் சாட்சி. குடிநீர் அணையில் பாசி பெருகி நாற்றம் அடித்ததால் காப்பர் சல்பேட் போட்டார்கள். சில நாட்களில் 148 பேர் ஈரல், குடல் பாதிப்போடு மருத்துவ உதவி தேடி வந்தார்கள். அவர்களில் பத்துப் பேர் தவிர எல்லோரும் குழந்தைகள். காரணம் பிடிபடாமல் முதலில் 'மர்ம நோய்' என்றே அதை அழைத்தார்கள். அணையில் இருந்த ஒரு நீலப்பச்சைப் பாசியின் நஞ்சுதான் காரணம் என்பது பிறகுதான் தெளிவானது. நம் ஏரித் தண்ணீரை நாம் நேராகக் குடிப்பதில்லை, சரி. ஆனால் மாடு குடிக்கிறது, நாய் குடிக்கிறது. கரையோர ஆழ்துளைக் கிணறுகளுக்கும் அந்த ஏரிதான் ஊற்று.

மூன்றாவது, செம்பு எங்கேயும் போவதில்லை. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் ஃபேர்மாண்ட் ஏரிகளில் 58 ஆண்டுகள் தொடர்ந்து காப்பர் சல்பேட் போட்டார்கள். 1984-இல் வெளிவந்த ஆய்வு அதன் விளைவுகளைத் தொகுத்துச் சொன்னது: ஆக்சிஜன் வீழ்ச்சி, மீன் சாவு, சேற்றில் செம்புக் குவியல், மருந்துக்குப் பழகிப்போன பாசி, பச்சைப்பாசி போய் அதன் இடத்தில் நீலப்பச்சைப்பாசி, நல்ல மீன் போய் மட்டமான மீன். பாசியை மேய்ந்து கட்டுக்குள் வைக்கும் நுண்ணிய நீர்ப்பூச்சிகளும் நத்தைகளும் செம்பால் எளிதில் செத்துப்போகும். பாசி சில வாரத்தில் திரும்பி வரும். அதை மேய்கிறவை அவ்வளவு சீக்கிரம் வராது. கழிவுநீரில் உள்ள கரிமப் பொருள் செம்பைப் பிடித்துச் செயலிழக்கச் செய்வதால், இங்கே அதே பலனுக்கு இன்னும் அதிகமாகக் கொட்ட வேண்டியிருக்கும். கொட்டியது அத்தனையும் சேற்றுக்குத்தான் போகும்.

படிகாரம் எங்கே வேலை செய்கிறது

படிகாரத்தை நம் பாட்டிமார் குடத்துத் தண்ணீரில் சுழற்றித் தெளிய வைத்திருக்கிறார்கள். ஏரியில் அலுமினியம் சல்பேட் போடும்போதும் நடப்பது அதுதான். தண்ணீரில் அலுமினியம் பஞ்சு மாதிரித் திரண்டு, பாஸ்பரஸையும் பாசியையும் பிடித்துக்கொண்டு அடியில் படியும். இரும்பு மாதிரி ஆக்சிஜன் போனதும் அது கைவிடாது. அதனால்தான் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஏரி மீட்புக்கு இதுவே பெரிதும் பயன்படுகிறது. சியாட்டில் நகரின் கிரீன் லேக்கில் 1991-இலும் அதற்குப் பிறகும் போட்டிருக்கிறார்கள்.

அது எத்தனை நாள் தாங்கும் என்பது ஏரியைப் பொறுத்தது. இப்படி அலுமினியம் போட்ட 114 ஏரிகளை ஒப்பிட்டு 2016-இல் வந்த ஆய்வில், ஆழமான, அடுக்கடுக்காக நீர் பிரிந்து நிற்கும் ஏரிகளில் சராசரி 21 ஆண்டு பலன் இருந்தது. ஆழமில்லாமல், காற்றில் அடிக்கடி கலங்கும் ஏரிகளில் 5.7 ஆண்டுதான். அதுவும் பெரும்பாலும் கழிவுநீர் வரத்தைக் கட்டுப்படுத்திய பிறகு போட்டது. சேற்றைக் கிளறி மேயும் கெண்டை மீன் அதிகம் இருந்தால் இன்னும் சீக்கிரம் தீரும். நம் ஏரிகளோ ஆழமில்லாதவை. சாதா கெண்டையும் ஜிலேபியும் நிறைந்தவை. கழிவுநீர் இன்னும் வந்துகொண்டிருப்பவை. ஒரு பருவம்கூட அங்கே பலன் நிலைக்கும் என்று நான் நம்பவில்லை.

அலுமினியத்தின் நச்சுத்தன்மை தண்ணீரின் பிஎச் அளவைப் பொறுத்தது. பிஎச் என்பது அமில-காரத் தன்மையின் அளவு: 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். பிஎச் 6-க்கும் 8-க்கும் இடையில் அது கரையாமல் பஞ்சாகத் திரளும், ஓரளவு பாதுகாப்பு. 6-க்குக் கீழே போனால் கரைந்து மீனின் செவுளைத் தாக்கும். படிகாரமே அமிலத்தன்மை கொண்டது என்பதால் வெளிநாட்டு வழிகாட்டிகள் பெரும்பாலும் இந்தக் கீழ்ப்பக்க ஆபத்தைத்தான் பேசுகின்றன. கழிவுநீர் கலந்த நம் ஏரிகளுக்கு அமிலத்தைத் தாங்கும் சக்தி பொதுவாகக் குறைவில்லை. நமக்கு ஆபத்து மேல்பக்கத்தில். பாசி அடர்ந்த ஏரியில் மதிய வெயிலில் பிஎச் 9-ஐத் தாண்டும். அந்த நிலையில் அலுமினியம் மறுபடி கரைய ஆரம்பிக்கும், பிடித்து வைத்த பாஸ்பரஸையும் விடும். காலை ஏழு மணிக்கு எடுத்த ஒரு மாதிரியை வைத்து மதியம் இரண்டு மணிக்குக் கொட்டினால் கணக்கு தப்பிவிடும். சல்பேட்டும் வெறும் துணைப்பொருள் இல்லை. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் பாக்டீரியா அதை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும். நாற்றத்தைப் போக்கப் போட்ட மருந்தே நாற்றத்துக்குச் சரக்காகும்.

லாந்தனம் ஏற்றிய பென்டோனைட் களிமண்ணை ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்ற அரசு ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் உருவாக்கியது. பிஎச்சை அதிகம் குலைக்காது என்பது அதன் சிறப்பு. உப்புகள் குறைந்த மென்நீரில் தனி லாந்தனம் கரைந்து நுண்ணுயிரிகளைப் பாதிக்கலாம். பெங்களூர்த் தண்ணீர் அவ்வளவு மென்மையானது இல்லை. இங்கே அதைவிடப் பெரிய சிக்கல் அளவு. ஒரு பங்கு பாஸ்பரஸைப் பிடிக்க சுமார் நூறு பங்கு களிமண் வேண்டும். கழிவுநீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் பாஸ்பரஸ் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 10 எம்.எல்.டி. கழிவுநீர் வரும் ஏரியில் நாளொன்றுக்கு 50 கிலோ பாஸ்பரஸ் சேரும். அதைப் பிடிக்க தினமும் 5 டன் களிமண், ஆண்டுக்கு 1,800 டன்னுக்கு மேல். ஏற்கெனவே தூர்ந்துபோன ஏரியில் வருடா வருடம் இத்தனை மண்ணை நாமே கொட்டுவதா?

சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும்

கோரிக்கை வந்ததும் கைவசம் இருப்பதைப் போடுவது என்றால் அது பெரும்பாலும் இவை இரண்டில் ஒன்றாக இருக்கும். எனக்கு மிகவும் பயம் தருவதும் இவைதான்.

கழிவுநீரில் அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கிறது. அம்மோனியமாக இருந்தால் மீனுக்குப் பெரிய ஆபத்து இல்லை. தனி அம்மோனியாவாக மாறினால் அது செவுள் வழியாக உள்ளே போய்க் கொல்லும். எது எவ்வளவு என்பதை பிஎச் தீர்மானிக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7-இல் தனி அம்மோனியா சுமார் 0.6 சதவீதம். பிஎச் 8-இல் 5 சதவீதம். பிஎச் 9-இல் 36 சதவீதம். சுண்ணாம்பு பிஎச்சை ஏற்றும். ஆக, புதிதாக ஒரு துளி கழிவுநீர் வராமலேயே ஏரியில் உள்ள நஞ்சு பல மடங்காகிவிடும். மீன் பண்ணையில் குளத்தை வற்ற வைத்து, காய்ந்த தரையில் சுண்ணாம்பு தூவுவது வேறு விஷயம். மீன் நிறைந்த, அம்மோனியா நிறைந்த ஏரியில் மூட்டையைப் பிரித்துக் கொட்டுவதை அதோடு ஒப்பிடவே கூடாது. பிளீச்சிங் பவுடரில் உள்ள குளோரினோ அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமைன் ஆகும். மீனுக்கு அதுவும் நஞ்சு, சீக்கிரம் கலைந்தும் போகாது.

ஆகாயத்தாமரைக்குக் களைக்கொல்லி அடிக்கும் யோசனை அடிக்கடி தலைதூக்கும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைப் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்தது. சட்டத்தை விடுங்கள், செடியை யோசியுங்கள். அது கழிவுநீரிலிருந்து நைட்ரஜன், பாஸ்பரஸ், உலோகம் எல்லாவற்றையும் உறிஞ்சி வைத்திருக்கும். வெட்டி வெளியே எடுத்தால் அவ்வளவும் ஏரியை விட்டுப் போகும். மருந்தடித்துச் சாகடித்தால் அவ்வளவும் அழுகித் தண்ணீருக்கே திரும்பும், ஆக்சிஜனையும் தின்னும். நுரை அடக்கும் ரசாயனத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தில்லியில் சத் பூஜைக்கு முன்னால் யமுனையில் காளிந்தி குஞ்ச் அருகே படகிலிருந்து அதைத் தெளிக்கிறார்கள். அடுத்த ஆண்டும் நுரை வருகிறது, மறுபடி தெளிக்கிறார்கள்.

சேறு போகும் ஊர்

செம்பு, அலுமினியம், லாந்தனம், இறந்த பாசி எல்லாம் போய்ச் சேர்வது சேற்றுக்கு. அங்கேதான் ஏரியைச் சுத்தமாக வைக்க வேண்டிய உயிர்களெல்லாம் இருக்கின்றன: புழு, நத்தை, கெளுத்தி, சேற்றைக் குத்தித் தின்னும் பறவைகள். ஏரிக்கரையில் பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் பறித்து மார்க்கெட்டுக்குக் கொண்டுவரும் பெண்களை இந்த நகரத்தில் இன்னும் பார்க்கலாம். ஏரிப்புல்லை அறுத்து மாட்டுக்குப் போடுகிறார்கள், அந்த மாட்டின் பால் நம் வீட்டுக் காபியில் விழுகிறது. சேற்றில் வேர்விட்ட கீரை சேற்றில் உள்ளதை எடுத்துக்கொள்ளும். தொழிற்சாலைக் கழிவால் ஏற்கெனவே உலோகம் ஏறிய சேறு இது. தூர் வாரும் நாளில் அது வயலுக்கோ கல்குவாரிக் குழிக்கோ போகும்.

தண்ணீர் ஓசூருக்குப் போகிறது. வர்த்தூரில் வழிவது தென்பெண்ணையில் சேர்ந்து கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் என்று கடலூர் வரை ஓடும். கெலவரப்பள்ளியில் நுரை பொங்கும் செய்தியை நாம் பலமுறை படித்திருக்கிறோம். நகரின் மேற்குப் பக்கத்துக் கழிவு விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்கே திரும்புகிறது. பெங்களூரில் ஒரு வார்டு கமிட்டி எடுக்கும் முடிவு தருமபுரி, கிருஷ்ணகிரி விவசாயிக்கு வந்து சேரும். அவரிடம் யாரும் கேட்பதில்லை.

அப்படியானால் ரசாயனத்துக்கு இடமே இல்லையா? இருக்கிறது, எஸ்.டி.பி. எனும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குள். அதே படிகாரத்தையும் இரும்பு உப்பையும் எஸ்.டி.பி. தொட்டியில் அளந்து போட்டால் பாஸ்பரஸ் கசடாகப் பிரியும். அந்தக் கசடை எடுத்துக் கணக்கோடு அப்புறப்படுத்தலாம், பிஎச்சைச் சரிசெய்யலாம், மீன் எதுவும் சாகாது. பாக்டீரியாவைக் கொண்டு கரிமப் பொருளை நீக்கும் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்போடு நிற்கும் நிலையங்கள் பாஸ்பரஸைப் பெரிதாக நீக்குவதில்லை. 2018-இல் பெங்களூரின் சுத்திகரித்த நீர் கோலார் மாவட்ட ஏரிகளுக்குப் போக ஆரம்பித்ததும் அங்குள்ள லட்சுமிசாகர ஏரியில் நுரை எழுந்து, உயர்நீதிமன்றம் திட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்தியபோது, அடுத்த நிலைச் சுத்திகரிப்பு ஏன் இல்லை என்ற கேள்விதான் பெரிதாக எழுந்தது. பணத்தை அங்கே போடலாம். வட பெங்களூரின் ஜக்கூரில் எஸ்.டி.பி.யிலிருந்து வரும் நீர் சம்பும் ஆகாயத்தாமரையும் வளர்ந்த சதுப்பு வழியாக ஏரிக்குப் போகிறது. அது ஒரு நல்ல வழி. ஆனால் அந்தச் செடிகளை ஒழுங்காக அறுத்து வெளியேற்றாவிட்டால் அதுவும் பாஸ்பரஸைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

சட்டம் இதில் பெரிதாகத் துணைக்கு வராது. 2017-இன் ஈரநில விதிகள், குடிநீருக்கும் பாசனத்துக்கும் என்றே மனிதர் கட்டிய நீர்நிலைகளைத் தங்கள் வரையறைக்கு வெளியே வைத்துவிட்டன. பாசனத்துக்காகப் பிறந்த பெங்களூர் ஏரிகளுக்கு அது பெரிய ஓட்டை. அதனால் உங்கள் ஏரியில் ஏதாவது போடப்போகிறார்கள் என்று தெரிந்தால் வேலை ஆரம்பிக்கும் முன்பே சில விவரங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏரிக்கு இப்போது நாளொன்றுக்கு எத்தனை எம்.எல்.டி. கழிவுநீர் வருகிறது? விடியற்காலை ஐந்து மணிக்கு ஆக்சிஜன் எவ்வளவு, மதியம் இரண்டு மணிக்கு பிஎச் எவ்வளவு? மொத்த அம்மோனியா எவ்வளவு? சேற்றில் இப்போதே எவ்வளவு செம்பு, எவ்வளவு அலுமினியம்? அந்த ஏரித் தண்ணீரையே பாட்டிலில் எடுத்து மருந்தின் அளவைச் சோதித்தார்களா, அதில் மீன்குஞ்சு விட்டுப் பார்த்தார்களா? போட்ட பிறகு எத்தனை மாதம் யார் அளப்பார்கள்?

மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏரி நீரைச் சோதித்து ஏ முதல் ஈ வரை தரம் பிரிக்கிறது. மீன்வளத்துக்கு உகந்தது என்ற டி தரத்துக்கு ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது வேண்டும், பிஎச் 6.5-க்கும் 8.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும், தனி அம்மோனியா 1.2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அந்த அறிக்கையைப் படிக்கும்போது மாதிரி எடுத்த நேரத்தையும் கேளுங்கள். பகலில் எடுத்த மாதிரியில் ஆக்சிஜன் நன்றாக இருப்பதைக் காட்டி மருந்தடிக்க அனுமதி வாங்கினால், விடியற்காலை நிலவரம் அந்த அனுமதிக் காகிதத்தில் எங்கேயும் இருக்காது.